கடலைப் பார்த்த வாசல்

கூடாரத்தில் தங்கியதைப் பற்றிச் சந்தோசமாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம், மணலில் படுத்தோம், வானத்தைப் பார்த்தோம், மனம் லேசானது என்று எழுதுவார்கள். அவர்களுடைய கூடாரத்தை வேறு யாரோ அடித்துக் கொடுத்திருப்பார்கள். எங்கள் கூடாரத்தை என் மனிசனும் அவருடைய அண்ணனும் அடித்தார்கள்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பும் நாங்கள் தலவிலை அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போயிருக்கிறோம். ஆனால் காலையில் போய்ப் பின்னேரமே திரும்பிவிடுவோம். வழியெல்லாம் ஆமிக்காரர் இறக்கி ஏற்றிப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், அதற்குள் பிள்ளைகளோடு யார் தங்குவது? சண்டை முடிந்ததும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும், அது சிலாபத்துக்கு வடக்கே, லொறி லொறியாகக் கிளம்பினார்கள்.

எனக்கு அந்த ஆசை இல்லை. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்றுகூட ஆகவில்லை. மகனுக்கு முட்டு வருத்தம். தூசு பட்டால் போதும், மூச்சு இழுக்கத் தொடங்கும். இழுத்தால் கழுத்துக்குக் கீழே குழி விழும், வயிறு உள்ளே போய் வெளியே வரும், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் வேறு மனிசியாகிவிடுவேன். ஓகஸ்ட் மாதத்தில் தலவிலைக் கரையில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எப்படி மண்ணை அள்ளி வீசும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டு போய்க் கூடாரத்தில் போடுவதா?

"அண்ணன் நேர்ந்திட்டாரே" என்றார் என் மனிசன்.

அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அந்த வருசம்தான் மறுபடியும் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் சோளகத்துக்குக் கடல் கெட்டுவிடும். அதனால் ஆண்கள் வள்ளம் வலையோடு கிழக்குக் கரைக்குப் போய், அங்கே கரையில் வாடி என்கிற கொட்டில் போட்டு, காற்று மாறும்வரை தொழில் செய்வார்கள். சண்டைக் காலத்தில் அது நின்றுபோயிருந்தது. திரும்பப் போன முதல் மாதத்திலேயே அத்தானின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. வள்ளம் இழுபட்டுப் போனது. அப்போது அன்னம்மாளிடம் கேட்டிருக்கிறார்: கரை சேர்த்துவிடு தாயே, குடும்பமாகப் பிள்ளை குட்டியோடு வந்து, திருநாள் கொடி இறங்கும்வரை உன் மண்ணில் கிடக்கிறோம்.

அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மகன் இத்தாலியில், மகள் கல்யாணம் கட்டிக் கொழும்பில். ஆகவே அவர் நேர்ந்த பிள்ளை குட்டி என்னுடையவை. எஞ்சின் அவருடையது, உயிர் அவருடையது, மண் தின்ன வேண்டியது என் பிள்ளை. என் மனிசனிடம் இதைச் சொன்னேன்.

"நேர்த்திய மறிக்கக் கூடாது" என்றார்.

அண்ணனுக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட அண்ணன் கறிச்சட்டியைத் தள்ளினால்தான் இவர் கை நீட்டுவார். நாற்பதை நெருங்கின ஆம்பிளை.

அத்தானும் அவர் மனிசியும் நாங்களுமாக லொறியில் போனோம். பாலாவிச் சந்தியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். மகள் உப்பளத்து உப்புக் குவியலைப் பார்த்து, "இது பனியா அம்மா?" என்று கேட்டாள். அதுதான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரே நேரம். மகன் என் மடியில் இருந்து பாண் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். நெஞ்சு சுத்தமாக இருந்தது. காதை வைத்து வைத்துக் கேட்டேன்.

தலவிலையில் இறங்கியபோது மரங்களுக்குக் கீழே கூடாரம் அடிக்க இடமில்லாமல் நிறைந்திருந்தது. கடல் பக்கத்து விளிம்பில் ஒரு வெளி கிடைத்தது. அத்தானும் என் மனிசனும் கம்பு நட்டு, மேலே குறுக்குக் கம்பு கட்டி, நீலத் தறப்பாளை இழுத்துப் போட்டார்கள். இரண்டு பக்கமும் சரிந்து, இரண்டு முனையும் திறந்திருக்கிற மாதிரியான கூடாரம். ஒரு முனையை மூடிக் கட்டினால் மற்ற முனை வாசல். வேலை சுறுக்காக நடந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன், கயிறு கட்டத் தெரிந்த ஆட்கள்தான். தறப்பாளின் கரையெல்லாம் உரப் பைகளில் மண் நிரப்பிப் பாரம் வைத்தார்கள்.

பிறகு தரைப்பக்கத்து முனையை இழுத்து மூடிக் கட்டினார்கள். கடல்பக்கத்து முனையைத் திறந்து விட்டார்கள்.

நான் ஒரு கையில் மகனும் மறு கையில் பாயுமாக நின்றேன். வாசலுக்குள்ளால் காற்று வந்து தறப்பாளைப் பலூன் மாதிரி ஊதிற்று. காற்றோடு மண்ணும் வந்தது. உள்ளே வந்த மண்ணுக்கு வெளியே போக வழியில்லை.

"அத்தான், வாசல் மாறிப் போச்சு" என்றேன்.

"என்ன மாறின?"

"காத்து நேர உள்ளுக்கு வருது. அங்கால பக்கம் வாசல வைங்க. மத்த எல்லாரும் அப்பிடித்தான் வச்சிருக்கிறாங்க."

அவர் அந்தக் கூடாரங்களை ஒரு பார்வை பார்த்தார். எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. "அவங்க கடல் தெரியாத ஆக்கள், புள்ள. பஸ்ஸில வந்து பஸ்ஸில போறவங்க. நாங்க மாசக்கணக்கா வாடியில கிடந்து வந்த ஆக்கள். எங்களுக்குக் கூடாரம் கட்டப் படிப்பிக்கிறியா?"

"படிப்பிக்கல்ல. கண்ணுக்குள்ள மண் விழுகுது."

"வாசல் கடலுக்குத்தான். தொழிலாளி எண்டால் எழும்பின உடன கடலப் பார்க்கணும். வள்ளம் தெரியணும்."

"வள்ளம் முல்லைத்தீவில இருக்கு" என்றேன்.

என் மனிசன் உடனே ஒரு கம்பை அசைத்துப் பார்க்கத் தொடங்கினார். அது நன்றாகத்தான் நின்றது. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஏதாவது வந்தால் இவருக்கு அசைத்துப் பார்க்க ஒரு கம்பு கிடைத்துவிடும்.

பக்கத்துக் கூடாரத்தில் வென்னப்புவப் பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மனிசி நல்ல தமிழ் கதைப்பாள். எங்கள் கூடாரத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தங்கச்சி முறையில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அநே நங்கி, ஏன் இப்பிடி? வேண்டுதலா?"

ஓம், வேண்டுதல்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானத்துக்குள் எல்லாவற்றிலும் மண். சோற்றில் மண், பருப்பில் மண், பால்மா டின்னைத் திறந்து மூடுவதற்குள் மண். அடுப்பை வாசலில் வைத்திருந்ததால் புகையும் உள்ளே வந்தது. மகள் நறநறவென்று கடித்துக்கொண்டு, "அம்மா, இந்தச் சோறு கத்துது" என்றாள். அத்தான் அதே சோற்றைக் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார். "இதுதான் சாப்பாடு. காத்தோட சாப்பிட்டாத்தான் உடம்பில ஒட்டும்" என்றார். என் மனிசன் தலையாட்டினார். அவர் வாயிலும் நறநறவென்று கேட்டது.

பின்னேரம் ஒரு கழுதை வந்தது. அந்தப் பக்கமெல்லாம் கழுதைகள் ஆளில்லாமல் திரியும். பாண் வாசத்துக்கு வந்து வாசலுக்குள் தலையை நுழைத்தது. காற்று முகத்தில் அடித்ததும் தலையை வெளியே எடுத்து, சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அத்தானிடம் காட்டினேன்.

"கழுதைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"அப்ப கழுதையக் கட்டியிருக்கலாமே நீ" என்றார்.

என் மனிசன் சிரித்தார். அண்ணனின் பகிடிக்குச் சிரித்தார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மகனின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி வந்துவிட்டது. முதலில் லேசான விசில் மாதிரி. பிறகு கழுத்துக் குழி. அவனைத் தூக்கிக்கொண்டு முதலுதவிக் கொட்டிலுக்கு ஓடினேன். என் மனிசன் பின்னால் வந்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வந்தார். அங்கே இருந்த நேர்ஸ் மிஸ்ஸி மெஷினில் மருந்து ஊற்றி, மூக்கில் மூடியை வைத்து ஆவி பிடிக்க வைத்தாள். மூச்சு கொஞ்சம் இறங்கிற்று.

"எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கூடாரத்தில."

"மண்ணும் புகையும் படாம வச்சிருங்க. திரும்ப இழுத்தால் புத்தளம் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். அதுவரைக்கும் தாங்குமோ தெரியா."

நான் என் மனிசனைப் பார்த்தேன். "கேட்டீங்களா? ஒண்டு, வீட்ட போவம். இல்லாட்டி வாசலத் திருப்புங்க. இரண்டில ஒண்டு செய்ங்க."

"அண்ணனிட்டச் சொல்லுறன்."

சொன்னாராம். அத்தான் என்ன பதில் சொன்னாராம் தெரியுமா? கொடி இறங்க முன்னம் ஒருத்தர் போனாலும் நேர்த்தி முறிந்துவிடும், முறிந்தால் அடுத்த முறை வள்ளம் கரை சேராது. வாசலைத் திருப்புகிற கதையே வேண்டாம், அன்னம்மாளின் மண்தானே, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. இதை என் மனிசன் தபால்காரன் மாதிரிக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அண்ணனோடு பூசைக்குப் போனார்.

பிறகுதான் எனக்குத் தெரியும், பூசைக்கும் போகவில்லை. லொறி நிற்கிற இடத்தில் மற்ற ஆண்களோடு நின்று முல்லைத்தீவுக் கதை அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கூடாரத்தில் நானும் அத்தானின் மனிசியும் பிள்ளைகளும். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சத்தமில்லாத பிறவி. அத்தான் இருக்கிற இடத்தில் இருமக்கூட மாட்டாள். நான் மகனை என் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து இருந்தேன். விசில் மறுபடியும் தொடங்கியிருந்தது.

"வாடியில இப்பிடித்தான் வைப்பாங்க" என்றாள் அக்கா, திடீரென்று.

"என்ன?"

"முல்லைத்தீவில. வாசல் கடலுக்கு. நான் கல்யாணம் கட்டின புதுசில ஒருக்கா அங்க சமைக்கப் போயிருக்கன். அங்க கடல் கிழக்க. சோளகம் தரைப்பக்கத்தால வரும், முதுகுக்கு. வாசல் கடலுக்கு வச்சாச் சுகமா இருக்கும். ஒரு மண் வராது." கையைக் கடல்பக்கம் நீட்டினாள். "இஞ்ச கடல் மேற்க."

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. சோளகத்துக்கு இந்த ஆண்கள் ஒருநாளும் இந்தக் கரையில் கூடாரம் அடித்துக் கிடந்ததில்லை. சோளகத் தொழிலுக்கு அந்தக் கரைக்குத்தான் போவார்கள். அங்கே கட்டுகிற வாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்திருக்கிறார்கள். கடல் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்களுக்குக் கடல்தான், வாசல் அதற்குத்தான். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்புவதுகூட அந்த இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

"இது உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"கம்பு நடேக்குள்ளயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். என்ன கேள்வி இது என்பது மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த நிமிசம் அவள்மேல் திரும்பிற்று. ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, இவள் தெரிந்த விசயத்தை இரண்டு நாளாக மடியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

மகனைக் கொண்டு போய்ப் பக்கத்துச் சிங்கள மனிசியிடம் கொடுத்தேன். "குடுங்க குடுங்க, பபாவ இங்க வைங்க" என்று வாங்கித் தன் கூடாரத்துக்குள் பாயில் கிடத்தினாள். அங்கே ஒரு மெழுகுதிரி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கூடாரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மரம்தான்.

திரும்பி வந்து, மூடியிருந்த பின்பக்கத்தை அவிழ்க்கப் பார்த்தேன். முடிகிற காரியமில்லை. கடலில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகிற்று. நகம் உடைந்தது. தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன், கோயில் மணி அடிக்க அடிக்கச் சொன்னேன்.

அப்போது பக்கத்தில் ஒரு கை நீண்டது. மீன் வெட்டுகிற கத்தி. அக்கா அதைப் பிடியைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"வெட்டு" என்றாள். "நான் பார்க்கல்ல." சொல்லிவிட்டு மெய்யாகவே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெட்டினேன். புதுக் கயிறு, வள்ளத்துக்கென்று வாங்கினது. வெட்டும்போது சுகமாக இருந்தது. பின்பக்கத் தறப்பாளைச் சுருட்டி மேலே கட்டினோம். பிறகு இரண்டு பேருமாகக் கடல்பக்கத்து வாசலை இழுத்து மூடி, மிச்சக் கயிற்றால் பொம்பிளைக் கட்டாக, சும்மா வரிந்து கட்டினோம். மண் பைகளை இழுத்து அங்கே அடுக்கினோம். அடுப்பையும் மாற்றினோம். பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருந்த தறப்பாள் அடங்கிற்று. உள்ளே இருந்த மண்ணைக் கூட்டி வெளியே தள்ளினேன். அதற்குப் பிறகு மண் வரவில்லை. அவ்வளவுதான் வேலை. உலை கொதிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

மகனைத் தூக்கி வந்து கிடத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக விசில் தேய்ந்தது. கண்ணை மூடினான். நான் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சூரியன் சாயத் தொடங்கும்போது ஆண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கடற்கரைப் பக்கமாக வந்தார்கள். எங்கள் கூடாரத்தைக் கடந்து போனார்கள். நான் தறப்பாளின் பக்கக் கிழிசலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சத் தூரம் போய் நின்றார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் கடந்து போனார்கள். கடலைப் பார்த்த வாசலைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு கூடாரமும் அந்த வெளியில் இப்போது இல்லை.

"எங்கட கூடாரம் எங்கடா?" என்று அத்தான் கேட்பது கேட்டது.

"இஞ்சதான் அண்ணே இருந்த."

மகள் என் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, அப்பாவும் பெரியப்பாவும் காணாமப் போயிட்டாங்க எண்டு ஸ்பீக்கரில சொல்லச் சொல்லுவமா?" காணாமல் போன பிள்ளைகளின் விவரத்தைக் கோயில் ஸ்பீக்கரில் இரண்டு பாசையிலும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வந்ததற்குப் பிறகு முதல்முறையாக.

கடைசியில் தறப்பாளின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தான் கயிற்றின் வெட்டுப்பட்ட நுனியைத் தூக்கிப் பிடித்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஆர் இத வெட்டின?"

நான் வாய் திறக்க முன்னம் அக்கா சொன்னாள்: "கழுதை."

"என்ன?"

"கழுதை வந்து கடிச்சிட்டுது."

அத்தான் நுனியை உற்றுப் பார்த்தார். ஒரே வெட்டு, நேராக. "கழுதை கத்தியாலயா கடிச்ச?"

பக்கத்துக் கூடாரத்துக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பிடிடா" என்றார் அத்தான் தம்பியிடம். "திருப்பிக் கட்டுவம்."

என் மனிசன் போய்க் கடல்பக்கத்துக் கயிற்றைப் பிடித்தார். நான் வாசலில் எழும்பி நின்றேன். "பிள்ளை நித்திரை. கயிற விடுங்க" என்றேன். சத்தம் போடவில்லை, மகன் எழும்பிவிடுவான்.

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கயிறு கையில் இருந்தது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. "இழுடா" என்றார் அத்தான். "அப்பா, தம்பி நித்திரை" என்றாள் மகள். அவர் அப்படியே நின்றார். கட்டின முடிச்சையே அவிழ்க்கத் தெரியாத ஆள் மாதிரி நின்றார். நான் அந்த ஒரு நேரத்தில் உண்மையாகவே எதிர்பார்த்தேன், இந்த மனிசன் இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று.

ஒரு காற்று வந்து அவர் முகத்தில் மண்ணை அள்ளி அடித்தது. அவர் கண்ணைக் கசக்குவதற்காகக் கயிற்றை விட்டார். அதுதான் அவர் எடுத்த முடிவு.

கண்ணைக் கசக்கிக்கொண்டே சுற்றி வந்து கூடாரத்துக்குள் நுழைந்து, மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்கு என்ன, மண் வரல்ல" என்றார். ஏதோ தானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி.

அத்தான் உள்ளே வரவில்லை. வெளியே கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கடல்பக்கம் போனார். மூடின தறப்பாளில் முதுகைச் சாய்த்துக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொடி இறங்கும்வரை அங்கேதான் இருந்தார். சோற்றை அக்கா கொண்டுபோய்க் கொடுப்பாள். நறநறவென்று கடிக்கிற சத்தம் உள்ளே கேட்கும்.

மகனுக்கு அதற்குப் பிறகு அந்தத் திருநாளில் இழுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் என் மனிசன் எல்லாரிடமும் சொன்னார், பிள்ளைக்காக வாசலைத் திருப்பச் சொன்னது தான்தானாம். அண்ணனின் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொன்னார். நான் மறுத்துக் கதைக்கவில்லை. அந்த ஆளோடு வழக்குப் பேசி எனக்கு என்ன கிடைக்கும்?

இப்போதும் ஒவ்வொரு ஓகஸ்டும் போகிறோம். மகன் வளர்ந்துவிட்டான், முட்டும் விட்டுவிட்டது. தறப்பாளை லொறியிலிருந்து இறக்கினவுடன் தரைப்பக்கத்து வாசல் வருகிற இடத்தில் நானும் அக்காவும் போய் நிற்போம். ஆண்கள் கடல்பக்கத்தை மூடிக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும் அத்தான் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். யாரும் மறிப்பதில்லை. கண்ணில் மண் விழ விழக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். நேர்ந்தது அவர்தானே.